எண்ணிமக் கதைகூறலும் வகுப்பறையும்: நெல்லியடியை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

பாடசாலைக்கு வருவதற்கு முன்பே பிள்ளை கதைசொல்லியாகிவிடுகின்றது. வீட்டுத் திண்ணையிலும் விளையாட்டிடத்திலும் கோயில் வீதியிலும் தான் கண்டதையும் கேட்டதையும் தன் சொற்களிற் கூட்டியும் குறைத்தும் பிறருக்கு எடுத்துரைக்கின்றது. அப்பிள்ளை வகுப்பறையினுள் நுழைந்ததும் அந்த ஆற்றலுக்கு அங்கு இடமில்லாது போகின்றது. வகுப்பறையிற் பேசுபவர் ஆசிரியர், எழுதிக்கொள்பவர் மாணவர், எழுதப்படுவது பரீட்சைக்குரிய விடை. பிரேசில் நாட்டுக் கல்வியியலாளரான பாவ்லோ ஃபிரேரே இம்முறையினை வங்கியிற் பணம் வைப்பிடுவதற்கு ஒப்பிட்டார். ஆசிரியர் இடுகின்ற அறிவை மாணவர் வாங்கிச் சேமித்துப் பரீட்சை நாளிலே திருப்பிக் கொடுக்கின்றனர். கொடுத்து முடிந்ததும் கணக்கு மூடப்படுகின்றது.

கடந்த முப்பது ஆண்டுகளில், மாணவர் தம் கதையைத் தம் குரலிற் பதிவுசெய்து, படங்களோடு இணைத்து, இரண்டு மூன்று நிமிடக் காணொளியாக ஆக்குகின்ற ஒரு முறை உலகின் பல நாடுகளில் வகுப்பறைக்கு வந்துள்ளது. எண்ணிமக் கதைகூறல் என இங்கு நாம் குறிப்பிடுவது இதனையே. இது நவீன கருவிகளைக் கொண்ட கவர்ச்சியான கற்பித்தல் உத்தி என்ற அளவிலேயே பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகின்றது. கருவியின் கவர்ச்சி சில நாட்களில் தீர்ந்துவிடும். அதன்பின் எஞ்சி நிற்கும் கல்விப் பயன் யாது என்பதே ஆராயப்படவேண்டிய வினா.

அவ்வினாவுக்கு விடை தேட, வடமராட்சியின் நெல்லியடியை இக்கட்டுரை களமாகக் கொள்கின்றது. பருத்தித்துறை வீதியும் கொடிகாமம் வீதியும் சந்திக்கின்ற இச்சிறு நகரம் கதைகூறல் பற்றிய இரண்டு முக்கியமான வரலாற்றுப் பாடங்களைத் தன்னகத்தே கொண்டது. ஒன்று கல்வி வரலாற்றைச் சார்ந்தது. மற்றையது அரங்க வரலாற்றைச் சார்ந்தது. இவ்விரண்டையும் மறந்து, கணினியை மட்டும் வகுப்பறைக்குக் கொண்டுவருவோமாயின் பழைய வகுப்பறையே புதிய திரையில் தோன்றும் என்பது எமது கருத்து.

வடிவத்தின் தோற்றம்

எண்ணிமக் கதைகூறல் அரங்கிலிருந்தே பிறந்தது என்பது இங்கு மனங்கொளத்தக்கது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டானா அட்ச்லி என்ற கலைஞர் 1990களின் தொடக்கத்தில் தம் வாழ்க்கைக் கதைகளை மேடையிலே நேரிற் கூறி, பின்னாலுள்ள திரையிற் பழைய படங்களையும் படச்சுருள்களையும் காட்டினார். அரங்கத் துறையைச் சார்ந்த ஜோ லம்பேட், நீனா முல்லன் ஆகியோர் அவருடன் இணைந்து, சாதாரண மக்களும் தம் கதைகளை இவ்வாறு ஆக்குவதற்கான பயிற்சிப் பட்டறைகளை நடத்தத் தொடங்கினர். 1994 இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர்கள் அமைத்த நிலையம், பின்னர் எண்ணிமக் கதைகூறல் நிலையம் என்ற பெயருடன் பேர்க்லியில் இயங்கியது. பிரித்தானியாவில் ஒளிப்படக் கலைஞர் டானியல் மெடோஸ் இதனைத் தழுவி, வேல்ஸ் பிரதேச மக்களின் கதைகளை பி.பி.சி. நிறுவனத்தின் துணையோடு 2001 தொடக்கம் 2008 வரை பதிவுசெய்யும் பணியை முன்னெடுத்தார். ஏறத்தாழ 250 சொற்கள், பன்னிரண்டளவிற் படங்கள், இரண்டு நிமிட நேரம் என்பது அவர் வகுத்த அளவு.

பட்டறையின் இயங்குமுறை எளிமையானது. பங்குபற்றுவோர் முதலில் வட்டமாக அமர்ந்து தத்தம் கதையை வாய்மொழியாகக் கூறுவர். ஏனையோர் கேட்டு வினா எழுப்புவர். அதன் பின்னரே கதை எழுத்துருப் பெறும். எழுதியவரே அதனைத் தம் குரலில் வாசித்துப் பதிவுசெய்வார். குடும்பப் படம், வரைந்த ஓவியம், பழைய கடிதம், வீட்டுப் பொருள் ஆகியவற்றின் படங்கள் குரலோடு இணைக்கப்படும். இறுதியில் அனைவரும் ஒன்றாக இருந்து எல்லாக் கதைகளையும் பார்ப்பர். கருவியின் பணி நான்காவது படியிலேயே தொடங்குகின்றது. அதற்கு முன்னுள்ள மூன்று படிகளும் சொல்லல், கேட்டல், எழுதல் என்ற பழைய மனிதச் செயல்களே.

இதற்குக் கல்வி உலகில் முன்னோடிகளும் உண்டு. பிரான்சு நாட்டுக் கிராமப் பாடசாலையொன்றின் ஆசிரியரான செலஸ்டின் ஃப்ரெனே, 1924 இல் ஒரு சிறு அச்சியந்திரத்தைத் தம் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். மாணவர் தம் வாழ்வைப்பற்றி எழுதியவற்றைத் தாமே அச்சுக்கோத்துப் பதிப்பித்தனர். பிற ஊர்ப் பாடசாலைகளோடு அவற்றைப் பரிமாறிக்கொண்டனர். அச்சியந்திரம் அன்று ஒரு நவீன கருவி. ஃப்ரெனேயின் சாதனையோ, அதுவரை பிறர் அச்சிட்டதைப் படித்துவந்த பிள்ளையை அச்சிடுபவனாக மாற்றியமையாகும். இன்று கையடக்கத் தொலைபேசி அந்த இடத்தில் உள்ளது. அது யாருடைய கையில், எதற்காக இருக்கின்றது என்பதே அன்றுபோல் இன்றும் அடிப்படை வினா.

இருக்கை உரிமையும் சொல்லுரிமையும்

நெல்லியடியை அடுத்துள்ள வதிரியில் தேவரையாளி இந்துக் கல்லூரி உள்ளது. சாதியின் பெயராற் கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சூரன் என்ற பெருமகன் 1914 இல் தொடங்கிய பாடசாலையின் வளர்ச்சியே இக்கல்லூரி. பாடசாலை வாயில் திறக்கப்பட்ட இடங்களிலும் அக்காலத்தில் வகுப்பறை சமத்துவமாக இருக்கவில்லை. ஏனைய பிள்ளைகள் வாங்கில் அமர்ந்திருக்க, ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் நிலத்தில் அமர்த்தப்பட்டனர். 1920களின் இறுதியில் எழுந்த சம ஆசனக் கோரிக்கையும், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம இருக்கை வழங்கப்படவேண்டும் என்ற அரச கட்டளையும், அவற்றுக்கெதிராக எழுந்த வன்மமும் யாழ்ப்பாணச் சமூக வரலாற்றின் மறக்கத்தகாத பக்கங்கள். ஒரு வாங்கிற்காகப் பாடசாலைக் கொட்டில்கள் தீயிடப்பட்ட காலம் அது.

வாங்கிற் சம இடம் பெறுவதற்கான போராட்டம் பெருமளவிற்கு வெற்றிபெற்றுவிட்டது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி அதற்கு வலுச்சேர்த்தது. ஆயினும், அமரும் உரிமை கிடைத்த பிள்ளைக்குச் சொல்லும் உரிமை கிடைத்ததா என்ற வினா இன்னும் எஞ்சியுள்ளது. பாடநூலில் தன் ஊர் இல்லை. தன் தாத்தாவின் தொழில் இல்லை. தன் வீட்டிற் பேசப்படும் மொழி இல்லை. வகுப்பில் எப்போதும் கைதூக்கும் நால்வரின் குரலே வகுப்பின் குரலாகின்றது. பின்வாங்கில் இருக்கும் பிள்ளை பதினொரு ஆண்டுகள் பாடசாலைக்கு வந்து, ஒரு முறையேனும் தொடர்ந்து இரண்டு நிமிடம் பேசாமலே வெளியேறிவிடக் கூடும். எண்ணிமக் கதைகூறல் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த இரண்டு நிமிடத்தை வழங்குகின்றது. அவ்வகையில் அது சம ஆசனக் கோரிக்கையின் அடுத்த கட்டம் எனலாம்.

'கந்தன் கருணை' தரும் பாடம்

இரண்டாவது பாடம் அரங்கு சார்ந்தது. 1966 ஒக்டோபரிற் சுன்னாகத்தில் எழுந்த தீண்டாமைக்கெதிரான ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் குடாநாட்டை உலுக்கின. அந்தப் போராட்டச் சூழலில் எழுத்தாளர் என். கே. ரகுநாதன் 'கந்தன் கருணை' என்ற நாடகத்தை எழுதினார். நெல்லியடியைச் சேர்ந்த அம்பலத்தாடிகள் குழுவினர் அதனைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் அமைத்து ஊரூராக ஆடினர். இம்முயற்சியின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் பின்னாளில் அண்ணாவியார் என அறியப்பட்ட இளைய பத்மநாதன்.

காத்தவராயன் கூத்தினை அவர்கள் தெரிந்தமை தற்செயலன்று. வடமராட்சி மக்களிடையே ஆழ வேரூன்றிய சிந்துநடைக் கூத்து அது. மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்தது. உயர்குலப் பெண்ணான ஆரியமாலையை விரும்பிக் கழுவேறும் காத்தவராயனின் கதையிற் சாதியின் கொடுமை ஏற்கெனவே உறைந்திருந்தது. மக்கள் மெட்டை அறிவர், ஆட்டத்தை அறிவர், கதையோட்டத்தை அறிவர். அந்த அறிமுகமான வடிவத்தினுள் கோயிற் கதவடைப்பு என்ற அன்றைய நிகழ்வு வந்து அமர்ந்தபோது, பார்வையாளர் தம் வாழ்வையே அரங்கிற் கண்டனர்.

இதிலிருந்து வகுப்பறை பெறத்தக்க பாடங்கள் இரண்டு. முதலாவது, வடிவம் எங்கிருந்து வருகின்றது என்பதைவிட, அதனுள் எவருடைய அனுபவம் பேசுகின்றது என்பதே அதன் சமூகப் பெறுமதியைத் தீர்மானிக்கின்றது. இரண்டாவது, கூத்து ஒருவரின் ஆக்கமாக இருப்பதில்லை. அண்ணாவியார், ஆடுவோர், பிற்பாட்டுக்காரர், ஒப்பனை செய்வோர், கொட்டகை போடுவோர், விடியும்வரை விழித்திருக்கும் ஊரார் ஆகிய அனைவரும் கூடி அதனை ஆக்குகின்றனர்.

இவ்விரண்டாவது பாடம், எண்ணிமக் கதைகூறலின் குறைபாடொன்றை எமக்கு இனங்காட்டுகின்றது. கலிபோர்னியாவில் உருவான மூலவடிவம் தனிமனிதனின் அகத்தை மையமாகக் கொண்டது. 'நான்' இழந்தேன், 'நான்' மீண்டேன் என்ற அமைப்பிற்குள் கதைகள் எளிதிற் சென்றுவிடுகின்றன. இழப்பிற்கும் மீட்சிக்கும் பின்னாலுள்ள பொருளாதார, சமூகக் காரணிகள் அங்கு மறைந்துவிடக்கூடும். ஒரு மாணவியின் தந்தை கடற்றொழிலை விட்டு வெளிநாடு சென்றமை அவளது தனித்துயரம் மட்டுமன்று. அவளது வகுப்பிலேயே அவ்வாறான வேறு பிள்ளைகளும் இருப்பர். தனிக்கதைகளை அருகருகே வைத்து, அவற்றின் பொதுக்காரணத்தைத் தேடும்போதே கதைகூறல் கல்வியாகின்றது. 'நான்' என்பதிலிருந்து 'நாம்' என்பதற்குச் செல்லும் இப்பயணத்துக்கு அம்பலத்தாடிகளின் கூட்டு ஆக்கமுறை எமக்கு வழிகாட்டுகின்றது.

வகுப்பறையிற் செயற்படுத்தல்: 'கிணறு' என்ற கருப்பொருள்

மேற்கூறியவற்றை ஒரு செயற்பாட்டின் மூலம் விளக்கலாம். தரம் ஒன்பது அல்லது பத்து மாணவர் நாற்பதுபேர் கொண்ட வகுப்பொன்றை எடுத்துக்கொள்வோம். கருப்பொருள்: 'எங்கள் கிணறு'. வடமராட்சிப் பிள்ளை எதற்கும் இதைவிட நெருக்கமான பொருள் இருத்தல் அரிது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில் வாழ்வு கிணற்றைச் சுற்றியே அமைந்தது.

முதற் பாடவேளையில், ஐவர் கொண்ட எட்டுக் குழுக்களாக மாணவர் வட்டமிட்டு அமர்வர். ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கிணற்றைப் பற்றியோ அயற் கிணற்றைப் பற்றியோ தமக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைக் கூறுவர். ஆசிரியர் திருத்தமாட்டார். கேட்போர் ஆளுக்கொரு வினா எழுப்புவர். அவ்வினாக்களே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் பணியாகின்றன. பாட்டனாரிடமும் பாட்டியிடமும் பிள்ளை கேட்டு வரவேண்டியவை அவை.

வீட்டிலிருந்து வருபவை பல்வகைப்பட்டனவாக இருக்கும். ஒருவர் துலா மிதித்த காலத்தைக் கூறுவார். அதிகாலையில் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, மற்றவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, இன்னொருவர் வாய்க்காலில் நின்று தண்ணீர் மாறிய உழைப்பின் கதை அது. இன்னொருவர் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் வந்ததையும், 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் இன்றி அது முடங்கியதையும் கூறுவார். அக்காலத்திலே ஜாம் போத்தலிற் சிறிதளவு எண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த சிக்கன விளக்கில் தாம் படித்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும் சேர்த்தே கூறுவார். வேறொரு வீட்டிலிருந்து, பிறர் கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமையின்றி, யாரேனும் வந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்திருந்த முதியவளின் நினைவு வரக்கூடும். கே. டானியல் தமது 'தண்ணீர்' நாவலிற் கையாண்ட உண்மை இது.

இரண்டாவது கட்டத்தில், இக்கதைகள் பாடங்களோடு இணைகின்றன. புவியியல் ஆசிரியர், குடாநாட்டின் நிலக்கீழ் நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தங்கி, உவர்நீரின் மீது ஒரு வில்லைபோல் மிதப்பதை விளக்குவார். துலாவின் மெதுவான இறைப்பிற்கு ஈடுகொடுத்த நீர்வில்லை, இயந்திரத்தின் வேகமான இறைப்பினாற் சுருங்க, கீழிருந்து உவர்நீர் மேலெழுவது ஏன் என்பதை மாணவர் தம் பாட்டனாரின் கதையிலிருந்தே உய்த்தறிவர். விஞ்ஞான ஆசிரியர், தோட்டங்களில் மிகையாக இடப்படும் இரசாயனப் பசளையின் நைத்திரேற்று கிணற்று நீரிற் சேர்வதை எடுத்துக்காட்டுவார். வரலாற்று ஆசிரியர், குடத்தோடு காத்திருந்த முதியவளின் கதையைச் சம ஆசனக் கோரிக்கையோடும் ஆலயப் பிரவேசத்தோடும் தொடர்புபடுத்துவார். ஒரு கிணறு மூன்று பாடங்களை இணைக்கின்றது. மூன்று பாடங்களும் பிள்ளையின் வளவுக்குள்ளேயே தொடங்குகின்றன.

மூன்றாவது கட்டம் ஆக்கம். ஒவ்வொரு குழுவும் தன் ஐந்து கதைகளையும் ஒப்புநோக்கி, அவற்றின் பொதுச்சரடு எது எனத் தீர்மானிக்கும். ஒவ்வொருவரும் ஐம்பது சொற்களளவில் தத்தம் பகுதியை எழுத, ஐந்தும் இணைந்து 250 சொற்களில் ஒரு கதையாகும். ஐந்து குரல்களும் அதிற் கேட்கவேண்டும். படங்கள் பன்னிரண்டு போதும். கிணற்றுக்கட்டு, துருப்பிடித்த கப்பி, பாட்டியின் கை, துலா நின்ற இடத்தைக் காட்டும் மாணவரின் கோட்டுச்சித்திரம் போன்றவை அவையாகலாம். இல்லாத பொருளைப் பிறர் எடுத்த படத்தினால் நிரப்புவதினும், பிள்ளை அதனை வரைவதே மேல். வரைவதற்கு அது முதியோரிடம் மேலும் நுணுகிக் கேட்கவேண்டி வரும்.

கருவிகளைப் பொறுத்தமட்டில் ஒரு குழுவுக்கு ஒரு கையடக்கத் தொலைபேசி போதுமானது. ஒலியைச் சீர்செய்ய ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பாடசாலைக் கணினி அறையிற் படங்களையும் ஒலியையும் இரண்டு பாடவேளைகளில் இணைத்துவிடலாம். ஒலிப்பதிவிற்கு யன்னல்கள் மூடிய சிறிய அறையும், எதிரொலியைத் தடுக்கும் ஒரு தடித்த துணியும் வேண்டும். படம் சற்று மங்கலாயினும் பார்ப்போர் பொறுப்பர். குரல் தெளிவில்லாவிடின் கதையே இல்லை.

இறுதிக் காட்சிக்குப் பெற்றோரையும் கதை தந்த முதியோரையும் அழைத்தல் இன்றியமையாதது. தன் நினைவு ஒரு பாடமாகத் திரும்பி வந்து தன் முன்னே நிற்பதை முதியவர் காண்கின்றார். தகவல் தவறாயின் அவரே எழுந்து திருத்துவார். பாடநூலை மட்டும் சான்றாகக் கொண்டிருந்த வகுப்பறையில், ஊரும் ஒரு சான்றாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றது.

மொழிப் பிரச்சினை

தமிழ் வகுப்பறைக்கேயுரிய சிக்கலொன்று இங்கு எழுகின்றது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறுபட்டு நிற்கும் மொழி எமது மொழி. பிள்ளை வீட்டிற் பேசும் வடமராட்சித் தமிழ் வகுப்பறையில் 'பிழையான தமிழ்' எனத் திருத்தப்பட்டு வந்துள்ளது. கதையைத் தன் குரலிற் சொல்லும்படி கேட்டால், அப்பிள்ளை வானொலி அறிவிப்பாளரைப் போன்றோ பேச்சுப்போட்டிக்கு வந்தவரைப் போன்றோ குரலை மாற்றிக்கொள்வது இயல்பு. சொல்வது தன் கதையாயினும் குரல் இரவல் வாங்கியதாகிவிடுகின்றது.

இதற்குத் தீர்வு எழுத்துத் தமிழைக் கைவிடுவதன்று. உயர்கல்விக்கும் ஊர்கடந்த தொடர்புக்கும் பொதுத்தமிழ் அவசியம்; அதனை ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு மறுப்பது இன்னொரு வகை அநீதி. ஒரே கதையைப் பேச்சுத் தமிழிற் குரலாகப் பதிவுசெய்து, அதன் கீழ் ஓடும் எழுத்துகளைப் பொதுத்தமிழில் எழுதச் செய்யலாம். அவ்வாறு செய்யும்போது, பேச்சு எவ்வாறு எழுத்தாகின்றது, அம்மாற்றத்தில் எது கிடைக்கின்றது, எது இழக்கப்படுகின்றது என்பதைப் பிள்ளை தன் சொற்களைக் கொண்டே கற்கின்றது. இலக்கணப் பாடத்தின் பல மணிநேரத்தால் விளையாத மொழியுணர்வு இவ்வொப்பீட்டால் விளையும்.

இடர்களும் எல்லைகளும்

எம்முறையும் தன் இடர்களோடே வருகின்றது. அவற்றுள் மூன்றை இங்கு நோக்குவோம்.

முதலாவது, கருவியைக் கல்வியென மயங்குதல். 2020 மார்ச்சிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கையடக்கத் தொலைபேசி இலங்கை முழுவதிலும் வகுப்பறையாயிற்று. நடந்தது யாது? பல இடங்களிற் கரும்பலகையில் எழுதப்பட்ட குறிப்பு, படமெடுக்கப்பட்டு அனுப்பப்பட்டது. மாணவர் அதனைப் பார்த்து எழுதினர். வங்கிமுறைக் கல்வி எண்ணிம வடிவில் தொடர்ந்தது. தொலைபேசி இல்லாத பிள்ளையும், ஒரே தொலைபேசியை மூன்று சகோதரருடன் பகிர்ந்த பிள்ளையும் அதிலிருந்தும் விலக்கப்பட்டனர். 2022 இன் பொருளாதார நெருக்கடியும் நீண்ட மின்வெட்டும் இவ்விடைவெளியை மேலும் தெளிவாகக் காட்டின. எனவே, தனித்தனிப் பிள்ளையிடம் கருவி உண்டு என்ற எடுகோளின்மீது இச்செயற்பாடு அமைக்கப்படலாகாது. குழுவுக்கு ஒன்று, பாடசாலைக்குள்ளேயே வேலை என்ற ஒழுங்கு, வசதியுள்ள பிள்ளையின் கதை மட்டும் பளபளப்பாகத் தோன்றுவதைத் தடுக்கும்.

இரண்டாவது, நினைவின் பாரம். நெல்லியடி போரின் தழும்புகளைக் கொண்ட நிலம். 1987 மே மாத இறுதியில் தொடங்கிய வடமராட்சிப் படை நடவடிக்கையின் பின்னர் நெல்லியடி மத்திய கல்லூரி இராணுவ முகாமாயிற்று. அவ்வாண்டு யூலை 5 ஆம் நாள் அம்முகாமின்மீது வெடிமருந்து நிரப்பிய வாகனத்தால் நடத்தப்பட்ட தாக்குதல் போர் வரலாற்றிற் பேசப்படுவது. பிள்ளைகள் எழுத்துக் கற்ற கட்டடம் போர்க்களமான ஓர் ஊரிலே, 'உன் கதையைச் சொல்' எனக் கேட்பது சாதாரண வேண்டுகோளாகாது. இன்றைய மாணவர் 2009 இற்குப் பின் பிறந்தவர்கள். எனினும் வீட்டிலுள்ள மௌனங்களை அவர்கள் அறிவர். காணாமல் ஆக்கப்பட்ட மாமனின் படம் சுவரில் உண்டு; அதைப்பற்றிப் பேச்சில்லை. கிணற்றுக் கதை கேட்கப் போன பிள்ளை அந்த மௌனத்தையும் தொட்டுவிடலாம்.

ஆகவே சில நெறிகள் கட்டாயமானவை. எக்கதையைச் சொல்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். சொன்னதை மீளப் பெறும் உரிமையும் அதற்கு உண்டு. துயரக் கதைக்குக் கூடிய புள்ளி என்ற எண்ணம் எவ்வகையிலும் எழலாகாது. குடத்தோடு காத்திருந்த முதியவளின் கதையை அவளது பேரப்பிள்ளை சொல்ல விரும்பாவிடின், வரலாற்று ஆசிரியர் அதனை நூல்வழி கற்பிக்கலாம். பிள்ளையைச் சாட்சியாக நிறுத்தத் தேவையில்லை. ஆக்கங்கள் குடும்பத்தின் சம்மதமின்றிப் பாடசாலைக்கு வெளியே பரவலாகாது. இலங்கையில் 2012 அளவில் தொடங்கிய 'ஹெர்ஸ்டோரீஸ்' என்ற வாய்மொழி வரலாற்றுத் திட்டம், வடக்கிலும் தெற்கிலும் உள்ள தாய்மாரின் வாழ்க்கைக் கதைகளைக் கையெழுத்துக் கடிதங்களாகவும் வரைபடங்களாகவும் படங்களாகவும் சேகரித்தது. பேச முடியாததை வரைவதற்கும், முகம் காட்டாமற் கடிதமாக எழுதுவதற்கும் இடமளித்த அம்முறை எமது வகுப்பறைகளுக்கும் உகந்தது.

மூன்றாவது, பரீட்சை. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்ற மூன்று வாயில்களுக்கிடையில் ஓடும் ஆசிரியரிடம் இதற்கு நேரமில்லை என்பது நியாயமான முறைப்பாடே. ஆசிரியரைக் குறைகூறுவதாற் பயனில்லை. அவரும் அதே இயந்திரத்தின் ஓர் உறுப்பு. எனினும் பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற ஏற்பாடும், தேர்ச்சியை மையமாகக் கொண்ட கலைத்திட்டமும் ஏட்டளவிலேனும் இத்தகைய செயற்பாடுகளுக்கு இடம் விட்டுள்ளன. நாடகமும் அரங்கியலும் பாடமாக உள்ள பாடசாலைகளில் அவ்வாசிரியரே இதற்கு முன்னோடியாகலாம். தவணைக்கு ஒரு கருப்பொருள், அதற்கு ஆறு பாடவேளைகள் என்ற அளவில் தொடங்குவது நடைமுறைச் சாத்தியமானது. அவ்வாறு பாடவேளைகளை ஒதுக்குவதற்கு அதிபரின் அனுமதி வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்தின் ஏற்பு வேண்டும். இவை தனி ஆசிரியரின் ஆர்வத்தினால் மட்டும் ஆகக்கூடியவையல்ல. ஆசிரியர் சங்கங்களும் பல்கலைக்கழகக் கல்வித்துறைகளும் குரல்கொடுக்க வேண்டிய இடம் இது.

நினைவைப் பேணல்

இவ்வாறு ஆக்கப்படும் கதைகள் தவணை முடிந்ததும் தொலைபேசியின் நினைவகத்திலிருந்து அழிக்கப்படுவது இயல்பு. அவ்வாறு அழியவிடுதல் எமது சமூகத்திற்குத் தகாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, மீளப் பெறமுடியாத ஏடுகளும் நூல்களும் சாம்பலாயின. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக இருப்பவை எத்துணை எளிதில் இல்லாமற் போகும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. 2005 இற் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர்களின் உழைப்பால் ஆவணப்படுத்தியமை இதற்கு எமது சூழலிலேயே தோன்றிய மறுமொழி. சம்மதம் பெற்ற மாணவர் கதைகளைப் பாடசாலை நூலகத்திலும் அதற்கு வெளியே ஓரிடத்திலுமாக இரண்டு பிரதிகளில், ஊர், ஆண்டு, கருப்பொருள் என்ற விபரங்களோடு பேணினால், பத்தாண்டுகளில் ஓர் ஊரின் கிணறுகள், தொழில்கள், இடப்பெயர்வுகள், விளையாட்டுகள் பற்றிய சான்றாதாரத் தொகுதி ஒன்று உருவாகிவிடும். துலா மிதித்தவர்கள் முதுமையடைந்துவிட்டனர். அவர்களைக் கேட்பதற்கு இன்னும் நீண்டகாலம் இல்லை.

முடிவுரை

எண்ணிமக் கதைகூறலைப் புதிய கருவியாக மட்டும் நோக்கினால், அதனை வாங்க வசதியுள்ள பாடசாலைகளின் அலங்காரமாக அது முடிந்துவிடும். நெல்லியடியின் வரலாற்றிலிருந்து நோக்கும்போது அதன் இடம் வேறாகத் தெரிகின்றது. வாங்கிற் சம இடம் கேட்டவர்களின் போராட்டமும், மூடிய கோயிற் கதவைப்பற்றி ஊர்ச் சந்தியிற் கூத்தாடியவர்களின் துணிவும், பேச உரிமையற்றிருந்தோர் பேசத் தொடங்கிய வரலாற்றின் பகுதிகள். அம்பலத்தாடிகள் தமக்குக் கிடைத்த மிகச் சிறந்த தொடர்புச் சாதனமான கூத்தினை எடுத்து, தம் காலத்தின் வினாவை அதில் எழுப்பினர். இன்றைய பிள்ளையின் கையிற் கிடைத்த சாதனம் தொலைபேசி.

அதில் எழவேண்டிய வினாவைப் பிள்ளைக்கு நாம் எழுதிக் கொடுக்கலாகாது. பாட்டியிடம் கிணற்றைப்பற்றிக் கேட்டுவர அனுப்பி, அது திரும்பி வந்து பேசும்போது குறுக்கிடாது கேட்டிருப்பதே ஆசிரியர் முதலிற் கற்கவேண்டிய பாடம். அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை.